‘நிச்சயம் ஏறும்’: ஒரு சி.ஆர். கொப்பியின் ஐந்தொகை

அக்கா வீடு இலங்கையில், கிளிநொச்சிக்குப் பக்கத்து முரசுமோட்டையில். 2025 பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலுமாரியை இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் ரின்னும், தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியும் வந்தன. ரின்னுக்குள் போக்கிமோன் அட்டைகள், ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்கள் அச்சிட்டு, ஆட்கள் சேர்த்தும் விற்றும் வாங்கியும் வருகிறவை. கொப்பிக்குள் அந்த அட்டைகளின் எதிர்காலம்.

கொப்பியைக் கண்டதும் அக்காவின் மகனுக்கு, என் மருமகனுக்கு, சிரிப்பு. 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தபோது அவன் உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தான். அவனும், பரந்தனிலும் மாங்குளத்திலும் இருந்த இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து, எந்த அட்டை என்ன விலைக்குப் போகும் என்று எழுதி வைத்த கொப்பி அது. மார்ச்சில் தொடங்கி ஜூனில் நின்றுவிடுகிறது. மொத்தம் 41 கணிப்புகள். சிலவற்றின் கீழே மூன்று பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், காணி உறுதி மாதிரி.

“நான் அப்பவே சொன்னனான் மாமா, இந்த ஜோர்டன் காட் இறங்கும் எண்டு.”

நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில், அவனுடைய கையெழுத்தில், நீலப் பேனையால், அடியில் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தது: “ஜோர்டன் 1986 ஃப்ளியர் 10. 2021 முடிய 10 லட்சம் டொலர். நிச்சயம்.”

ஜோர்டன் என்றது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன். ஃப்ளியர் அந்த அட்டையை அச்சிட்ட நிறுவனம். 10 என்பது அட்டையின் நிலைக்குப் போடும் உச்சத் தரம்.

பெடியன் பொய் சொல்லவில்லை. இறங்கும் என்று தான் சொன்னதாகவே அவனுக்கு நினைவு. விலை இறங்கிய பிறகு, அது இறங்கியதைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருப்பான். அந்தப் பேச்செல்லாம் சேர்ந்து பழைய நினைவின் மேல் உட்கார்ந்துவிட்டது. கொப்பி மட்டும் இல்லையென்றால் நானும் நம்பியிருப்பேன்.

அவன் இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் மறுபடி அட்டை வாங்கும் யோசனையில் இருந்தான். அந்தக் கிழமைதான் ‘பிரிஸ்மாடிக் எவலூஷன்ஸ்’ என்ற புதுப் போக்கிமோன் அட்டைத் தொகுதி வெளிவந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகளுக்கு முன்னால் விடியற்காலை வரிசை நின்றது. நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். “புதுக் காசு போட முதல் பழைய கொப்பிக்கு ஒரு ஐந்தொகை போடுவம், எது சரி எது பிழை எண்டு,” என்றேன். சரி என்றான். மற்ற இரண்டு பேரையும் வட்ஸ்அப்பில் பிடித்தோம்.

கொப்பி திறந்த நேரம்

2020 கடைசியும் 2021 தொடக்கமும் அட்டைச் சந்தைக்குத் தலைகால் தெரியாத காலம். ஊரடங்கில் வீட்டிலிருந்த அமெரிக்கர்கள் பழைய பெட்டிகளைக் கிளறினார்கள். கையில் அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையும் இருந்தது. 1999இல் வந்த முதல் பதிப்பு சரிசார்ட் என்ற போக்கிமோன் அட்டை, அட்டைகளுக்குத் தரம் போடுகிற பி.எஸ்.ஏ. நிறுவனம் 10 போட்ட ஒன்று, 2020 ஒக்டோபரில் 2 லட்சத்து 20 ஆயிரம் டொலருக்குப் போனது. டிசம்பரில் இன்னொன்று 3 லட்சத்து 69 ஆயிரம். மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளியர் அட்டை, அதுவும் 10 தரம், 2021 ஜனவரிக் கடைசியில் 7 லட்சத்து 38 ஆயிரம். மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர் தன் கடைகளில் அட்டை விற்பதையே நிறுத்திவிட்டது. அதற்குச் சற்று முன் விஸ்கொன்சினில் ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் அட்டைக்காக ஒருவரைச் சிலர் தாக்க, அவர் துப்பாக்கியை எடுத்திருந்தார்.

அந்தச் செய்தி கொப்பியிலும் இருக்கிறது. மாங்குளத்துப் பெடியனின் எழுத்து: “கடையில அடிபாடு. அப்ப இன்னும் ஏறும்.”

சந்தை உச்சியில் நின்ற நேரத்தில்தான் இவர்கள் கொப்பியைத் திறந்திருக்கிறார்கள். அன்றைக்கு அது உச்சி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இதற்காக அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் எந்தக் கணிப்பைப் பார்க்கும்போதும் அது எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முட்டாள்தனத்தையும் துரதிர்ஷ்டத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

41இல் 24

கணக்குப் போட உட்கார்ந்தபோது முதல் வேலை சரி பிழை பார்ப்பதாக இருக்கவில்லை. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கவே முடியாது என்று பிரிப்பதிலேயே இரண்டு இரவு போனது.

முதலில் போனவை ஆறு. அந்த ஆறு கணிப்புகளும் அவர்கள் வவுனியாக் கடைத்தெருவில் பைக்கற்றாக வாங்கிய அட்டைகளைப் பற்றியவை. ரின்னிலிருந்து ஒன்றை எடுத்து, போன் டோர்ச்சைப் பின்னால் பிடித்தேன். வெளிச்சம் மண்ணெண்ணெய் ஊறிய கடதாசியில் ஊடுருவுவது போல மறுபக்கம் தெரிந்தது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற, மருமகனுக்கு அண்ணா முறையான ஒருவரிடமிருந்து வந்த ஒன்றைப் பிடித்தேன், இருட்டு. உண்மையான போக்கிமோன் அட்டையின் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய படை ஒட்டியிருக்கும். விளிம்பை உற்றுப் பார்த்தால் பென்சில் கோடு மாதிரித் தெரியும். போலியில் அது இல்லை. ஆறும் போலி. “2022 முடிய 80 டொலர், பெரும்பாலும்” என்று ஒரு போலிக்கு எழுதியிருந்தான் பரந்தன் பெடியன். அதைப் பிழை என்று எண்ணுவதா, கணிப்பே இல்லை என்று தள்ளுவதா என்று பெரிய வாக்குவாதம். தள்ளினோம். இன்றும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கையில் இருப்பது என்ன பொருள் என்றே பார்க்காமல் விலை சொன்னதும் ஒரு பிழைதானே.

அடுத்துப் போனவை பதினொன்று. “நல்லாப் போகும்”, “இது ஒரு நாளைக்குப் பார்”, “வச்சிருந்தா லாபம்” என்ற வகை. திகதி இல்லை, அல்லது தொகை இல்லை. இப்படி எழுதினால் ஒரு வசதி: எப்போது கேட்டாலும் “இன்னும் காலம் இருக்கு” என்று சொல்லலாம்.

இந்தப் பதினொன்றுக்குள் ஒன்று விசேஷமானது. அமெரிக்க பேஸ்போல் வீரர் மிக்கி மான்டிலின் 1952 டொப்ஸ் நிறுவன அட்டை 2021 ஜனவரியில் 52 லட்சம் டொலருக்கு விற்றதைப் பார்த்துவிட்டு மருமகன் எழுதியது: “இனி எந்தக் காலத்திலும் ஒரு கோடி டொலர் போகாது.” 2022 ஓகஸ்டில் அதே அட்டையின் இன்னொரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டொலருக்குப் போனது. “எந்தக் காலத்திலும் போகாது” என்பதை யாராலும் சரி என்று நிரூபிக்க முடியாது. பிழை என்று மட்டும்தான் நிரூபிக்கலாம். அவன் தன்னை அறியாமலே வெல்ல முடியாத பந்தயம் கட்டியிருக்கிறான். தரம் போட்ட நிறுவனமும் தரமும் வேறு, ஆகவே அது வேறு அட்டை என்று கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

மிச்சம் 24. இவற்றிலும் இரண்டு சிக்கல்.

ஒன்று, “டொலர்”. அமெரிக்க டொலரா கனடா டொலரா? விலை பார்த்தது அமெரிக்கத் தளங்களில். காசு கொடுத்தது ஸ்காபரோ அண்ணாவின் கனடா டொலரில். அந்த வருடம் ஒரு அமெரிக்க டொலருக்குக் கனடா டொலர் 1.25 அளவு. அதாவது ஒரு கணிப்பு அசையாமல் நிற்கும்போதே அதைக் கால் பங்கு ஏறியதாகவும் காட்டலாம். பக்கத்தில் யூடியூப் இணைப்பு எழுதியிருந்தவற்றை அமெரிக்க டொலராக எடுத்தோம். மற்றவற்றுக்கு மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேர் ஒத்தால் அதையே வைத்தோம்.

மற்றது, தரம். கொப்பி முழுக்க “10” என்று இருக்கிறது. ரின்னில் இருக்கிற அட்டைகளோ ஒரு நாளும் தரம் போட அனுப்பாதவை. 2020 நவம்பரில் வந்த தொகுதி ஒன்றின் பிகாச்சு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வலது மேல் மூலையில் கடுகளவு வெள்ளை. மினுமினுப்புத் தாள் ஒட்டிய அட்டை வன்னி வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் மாறி மாறி ஓடு மாதிரி வளைந்து போயிருந்தது. மேசையில் வைத்தால் இரண்டு முனையில் நின்று ஆடுகிறது. கொப்பியில் இதற்குப் போட்டிருப்பது 10 தரத்தின் விலை. அவர்கள் தங்களிடம் இருந்த பொருளுக்கு விலை சொல்லவில்லை, வீடியோவில் பார்த்த பொருளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரி, எழுதியதை எழுதியபடியே 10க்கு ஒப்பிட்டோம்.

அத்தான் இதையெல்லாம் வாசல் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறவர். “குளத்தில எத்தினை அடி எண்டு கேட்டா அடி சொல்லுவாங்கள். நல்லாக் கிடக்கு எண்டு சொன்னா எத்தினை ஏக்கர் விதைக்கிறது?” என்றார். இரணைமடு முழுக்க நிறைந்தால் 36 அடி. வெயில்கால நெல் விதைப்புக்கான சிறுபோகக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது அந்த அடியை வைத்துத்தான். ஏழாம் பக்கத்து ஜோர்டன் கணிப்பு பிழைதான். ஆனாலும் தொகையும் திகதியும் உறுதியும் இருந்தபடியால் அத்தானின் சோதனையில் அது தேறிவிடும். “இது ஒரு நாளைக்குப் பார்” தேறாது.

விலை எடுத்த விதம்

கேட்கிற விலையைத் தொடவில்லை. ஈபே என்ற இணையச் சந்தையில் யாரும் எதற்கும் எவ்வளவும் கேட்கலாம். விற்று முடிந்த விலை மட்டும். ஈபே தன் தளத்தில் கடைசி 90 நாள் விற்பனையைத்தான் காட்டும். பழையதற்கு விற்பனைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கிற பிரைஸ்சார்ட்டிங் போன்ற தளங்களையும் பி.எஸ்.ஏ.யின் ஏலப் பதிவுகளையும் பார்த்தோம். குறித்த திகதியைச் சுற்றி ஐந்து விற்பனையை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை விலையாக வைத்தோம். சராசரி எடுக்கவில்லை, ஒரு பைத்தியக்கார ஏலம் சராசரியைத் தூக்கிவிடும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. “சரிசார்ட் முதல் பதிப்பு 10. 2022 முடிய 4 லட்சம் தாண்டும். பெரும்பாலும்.” 2022 மார்ச்சில் ஒரு பிரதி 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனது. அது தனி விற்பனை. எங்கள் நடு விலை முறையில் இது தேறாது. ஆனால் எழுதியிருக்கிற வினைச்சொல் “தாண்டும்”. “நிற்கும்” என்று எழுதவில்லை. குளம் ஒரு நாள் நிரம்பி வான் பாய்ந்தாலும் வான் பாய்ந்ததுதான். சரி போட்டோம். மருமகன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த உட்கார்வு அதிக நேரம் நிலைக்கவில்லை.

வந்த கணக்கு

24இல் 21 “ஏறும்”. மூன்றுதான் “இறங்கும்”.

டொலரில் பார்த்தால், “ஏறும்” என்ற 21இல் ஏறியது 7. “இறங்கும்” என்ற 3இல் இறங்கியது 2. ஆக 24க்கு 9 சரி. திசை சரியான அந்த ஒன்பதிலும் தொகை கிட்டத்தட்டச் சரியாக வந்தது மூன்று.

ஒன்பது என்பது நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு சோம்பேறியை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றும் யோசிக்காமல் “எல்லாம் இறங்கும்” என்று சொல்லியிருந்தால் 16 சரி. நாணயம் சுண்டியிருந்தால் 12க்குக் கிட்ட. மூன்று பேரும் இரவு இரவாக வீடியோ பார்த்து எழுதியது இரண்டுக்கும் கீழே.

ஜோர்டன் அட்டையைக் கேட்பவர்களுக்காக: அந்த வருடம் முடிய முதலே பாதிக்குக் கீழே போய், 2022இல் இரண்டு லட்சம் டொலர் பக்கம் நின்றது. “10 லட்சம், நிச்சயம்.”

அந்த “நிச்சயம்” என்ற சொல்லை நான் சும்மா விடவில்லை. கொப்பியில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: நிச்சயம், பெரும்பாலும், இருக்கலாம். விலைகளைத் தேடுவதற்கு முதலே மூன்று பேரிடமும் கேட்டேன், நூறுக்கு எத்தனை என்று. நிச்சயத்துக்கு 95, பெரும்பாலுமுக்கு 75, இருக்கலாமுக்கு 55 என்று ஒத்துக்கொண்டார்கள். விலை தெரிந்த பிறகு கேட்டிருந்தால் நிச்சயம் 60க்கு வந்திருக்கும், அது எனக்குத் தெரியும்.

12 “நிச்சயம்” இருந்தன. சரியானது 4. 8 “பெரும்பாலும்”, சரியானது 3. 4 “இருக்கலாம்”, சரியானது 2. கூடிய உறுதியோடு சொன்னவைதான் கூடப் பிழைத்திருக்கின்றன.

இதற்கு ஒரு எண் போடுகிற முறை உண்டு. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் 1950இல் எழுதி வைத்தது. மழை பெய்ய 95 வீதம் என்று சொல்லி, பெய்யவில்லை என்றால், 0.95ஐ 0.95ஆல் பெருக்கு: 0.9025 தண்டனை. பெய்தால் 0.05ஐ 0.05ஆல்: 0.0025 மட்டும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடு. குறைந்தால் நல்லது. எதற்கும் “50க்கு 50” என்று சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்கு எப்போதும் 0.25 வரும். கொப்பிக்கு வந்தது 0.47. அந்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிழைத்த எட்டு “நிச்சயம்”களிலிருந்து வந்தது. ஒன்பது சரி என்ற எண்ணிக்கையை விட இதுதான் பெடியன்களுக்கு உறைத்தது. பரந்தன் பெடியன் போனை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி எடுத்தான்.

ரூபாய் செய்த வேலை

இந்த இடத்தில் மருமகன் கேட்ட கேள்வி, இந்த முழு ஆய்விலும் எனக்குப் பிடித்த கேள்வி. “மாமா, ஆனா எனக்கு அப்ப லாபம் வந்தமாதிரித்தானே இருந்தது?”

அவனுக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. 24இல் 13க்கு 2021 கடைசி தவணை. 11க்கு 2022 கடைசி. கொப்பி தொடங்கியபோது ஒரு டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட. 2021 கடைசியிலும் அதே 200, மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. 2022 மார்ச்சில் பிடி விட்டது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. மேயில் டொலர் 360. அந்த வருடக் கடைசியில் 363.

இதே 24ஐயும் ரூபாயில் போட்டுப் பார்த்தோம். 2021 தவணைக்காரர்களில் மாற்றம் இல்லை, 13க்கு 4 சரி. 2022 தவணைக்காரர்கள் டொலரில் 11க்கு 5 சரி, ரூபாயில் 9. ஏனென்றால் டொலரில் 45 வீதத்துக்குக் குறைவாக இறங்கிய எந்த அட்டையும் ரூபாயில் ஏறியதாகவே தெரியும். ஆக மொத்தம் 24க்கு 13. அரைவாசிக்கு மேல்! நாலு சரி சும்மா கிடைத்தது, நாடு வங்குரோத்தானதால்.

அதிலும் ஒரு கூத்து: ரூபாயில் “எல்லாம் ஏறும்” என்று சொல்லியிருந்தால் 14 சரி வந்திருக்கும். சோம்பேறி மறுபடி வென்றான்.

ரூபாயும் ஒரே திசையில் போகவில்லை. 2024 கடைசியில் டொலர் 300க்குக் கீழே வந்துவிட்டது. 2022 கடைசியில் இருந்த டொலர் விலையிலேயே அசையாமல் நின்ற அட்டையும் அதற்குள் ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஒரே அட்டை, ஒரே விலை, கொப்பியில் இரண்டு விதமான மதிப்பெண்.

உண்மையில் காசாக மாறிய அட்டை ஒன்றே ஒன்று. 2021இல் ஸ்காபரோ அண்ணா 160 அமெரிக்க டொலருக்கு வாங்கியது. மருமகன் அதற்கு 32,000 ரூபாயை, அண்ணாவுக்காக, கிளிநொச்சியில் இருக்கிற பெரியம்மாவின் கையில் கொடுத்தான். 2022 ஜூன் கடைசியில் வீட்டுக்குக் காசு முடைப்பட்டு விற்கச் சொன்னான். இங்கிருந்து விற்க வழியில்லை. அப்போது பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது. அட்டை நல்லகாலம் ஸ்காபரோவிலேயே இருந்தது. போன விலை 110 டொலர். ஈபே 13 வீதமளவு எடுத்தது, தபாலுக்கும் கொஞ்சம். கையில் 90. பெரியம்மா 360ஆல் பெருக்கி 32,400 ரூபாய் எண்ணிக் கொடுத்தார்.

“முதலும் வந்திட்டுது, மேலதிகமா நானூறும்” என்று அன்றைக்கு அவன் எனக்குப் போன் எடுத்தது நினைவிருக்கிறது. நானும் பரவாயில்லையே என்றேன்.

இப்போது கொப்பியின் பின்மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் 32,000 ரூபாய் கொடுத்த நாளில் பெற்றோல் லீற்றர் 137 ரூபாய். 233 லீற்றர் வாங்கலாம். 32,400 கையில் வந்த கிழமை லீற்றர் 470. 68 லீற்றர். அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். அத்தான் கதிரையிலிருந்து எழும்பி வந்து அந்தக் கணக்கை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கே சறுக்கினார்கள்

கேள்விப் பக்கத்தை, அதாவது வாங்க விரும்புகிறவர்களின் பக்கத்தை, பெடியன்கள் மோசமாகக் கணிக்கவில்லை. போக்கிமோனை ஆட்களுக்கு அலுக்காது என்று எழுதியிருக்கிறார்கள், அலுக்கவில்லை. அவர்கள் பார்க்காமல் விட்டது நிரம்பல் பக்கம், சந்தைக்கு எவ்வளவு அட்டை வந்து சேர்கிறது என்பது. வர்த்தகம் படித்த பிள்ளைகள்!

போக்கிமோன் நிறுவனம் தன் எண்ணிக்கையைத் தானே வெளியிடுகிறது. 2021 மார்ச் வரை, இருபத்தைந்து வருடங்களில், அச்சிட்ட அட்டைகள் மொத்தம் 3,410 கோடி. அடுத்த மார்ச்சில் 4,320 கோடி. ஒரே வருடத்தில் 900 கோடிக்கு மேல். முடிந்த மட்டும் மறுபதிப்பு அடிக்கிறோம் என்று 2021 பெப்ரவரியிலேயே அறிவித்தும் இருந்தார்கள். கொப்பி தொடங்க ஒரு மாதம் முதல்.

மற்றது பி.எஸ்.ஏ. முந்திய மூன்று மாதத்தில் வந்ததை விட அதிக அட்டை மூன்று நாளில் வந்து குவிந்தது என்று சொல்லி, 2021 மார்ச் கடைசியில் அந்த நிறுவனம் தன் பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. கொப்பியில் இதற்கு எழுதியிருப்பது: “10 இனிக் கிடைக்காது. 10 வச்சிருக்கிறவன் ராசா.” உண்மை, சில மாதங்களுக்கு. ஆனால் நிறுத்தியது புது அட்டையை எடுப்பதை. உள்ளே குவிந்து கிடந்தவை தரம் போடப்பட்டு வெளியே வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் இன்னும் சில 10. வாய்க்கால் கதவைப் பூட்டியதைப் பார்த்தவர்கள் குளத்துக்குள் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் சின்ன வயதில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்களிடம் இருந்த அட்டை சிகரெட் பெட்டி மட்டைதான். உள்ளூர் மட்டைக்கு மதிப்பில்லை. வெளிநாட்டு மட்டை ஒன்றுக்கு உள்ளூர் மட்டை பத்துக் கொடுப்போம். ஒருமுறை ஒரு பெடியனின் மாமா கொழும்பிலிருந்து ஒரு பை நிறைய வெளிநாட்டு மட்டை கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாளில் ஒன்றுக்கு இரண்டு. என்னிடம் பதினான்கு இருந்தன, பெட்டியில் பத்திரமாக. ஆகவே இந்தப் பெடியன்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி குறைவு.

எங்கிருந்து கணிப்பு வந்தது என்றும் பார்த்தோம். 24இல் 15க்குப் பக்கத்தில் வீடியோ இணைப்பு இருக்கிறது, பெரும்பாலும் ஒரே இரண்டு சனல்கள். அந்தப் பதினைந்தில் சரி 4. மற்ற 9 அவர்கள் தாங்களே விளையாடி, பழகி, யோசித்து எழுதியவை. அதில் சரி 5. இதைக் கேட்டதும் மாங்குளத்தான் துள்ளினான்: “அப்ப எங்கட மூளை நல்லம்தானே!” ஒன்பது என்பது எதையும் முடிவு கட்ட மிகச் சிறிய எண், தம்பி, என்றேன். ஆனாலும் அந்த வீடியோக்காரர்கள் பேசிய அட்டைகளை அவர்களே பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள், அதைக் கமராவுக்கு முன்னாலேயே காட்டியும் இருந்தார்கள். நெல் வாங்க வருகிற முதலாளி “விலை விழப்போகுது, இப்பவே தாங்கோ” என்றால் முரசுமோட்டையில் ஒருவரும் நம்பமாட்டார். இவன் பேச்சை மட்டும் ஏன் நம்பினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

கொப்பியில் இல்லாதது

2021 ஓகஸ்ட் 27இல் ‘எவால்விங் ஸ்கைஸ்’ என்ற போக்கிமோன் தொகுதி வெளிவந்தது. அதில் அம்ப்ரியான் என்ற பாத்திரம் நிலவை நோக்கிக் கை நீட்டுகிற அட்டை ஒன்று. இன்றைக்கு இந்தத் தலைமுறை அட்டைகளில் எல்லோரும் பேசுவது அதைத்தான். 2025இல் தரம் போடாத பிரதியே ஆயிரம் டொலரைத் தாண்டியது. கொப்பி ஜூனில் முடிந்துவிட்டது. எழுதியபோது பிறந்தே இராத அட்டை.

இதைப் பிழையாக எண்ண முடியாது. ஆனால் மூன்று பேரும் காசையும் கவனத்தையும் ஜூனுக்குள்ளேயே முடித்துவிட்டு, ஓகஸ்டில் கையை விரித்தார்கள். ஒரு பைக்கற்றுக்கும் மிச்சமில்லை. 41 வரிகளில் ஒன்றாவது “கொஞ்சம் காசைச் சும்மா வைத்திருப்பம்” என்று இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

புதுக் கொப்பி

மருமகன் கிளிநொச்சியில் புதிதாக ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வந்தான். பக்கத்தை ஆறு பத்தியாகக் கோடு போட்டிருக்கிறான்: அட்டையும் தரமும், இன்றைய விற்ற விலை, எந்த டொலர், எந்தத் திகதி, “தாண்டும்” அல்லது “நிற்கும்”, நூறுக்கு எத்தனை. 90க்கு மேல் எழுதுகிறவர் மற்ற இருவருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பரந்தன் பெடியன் சேர்த்த சட்டம். யோசனை யாரிடமிருந்து வந்தது, அவரிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று ஏழாவது பத்தி ஒன்று நான் கேட்டுப் போட்டது. இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறான்.

பிரிஸ்மாடிக் பெட்டிக்கு அவன் முதலில் எழுதியது 80. மறுபதிப்புப் பற்றிக் கேட்டேன். வெட்டி 65 ஆக்கினான். பிறகு போலி ஆறையும் பழைய கொப்பிக்குள் வைத்து, ரப்பர் பட்டி போட்டு, பிஸ்கட் ரின்னின் அடியில் வைத்தான். மேலே பிகாச்சு, வளைந்தபடி. தவணை 2026 டிசம்பர் 31.